ஆந்த்ரே வெய்

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1930-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சு இளைஞர் ஒருவர் கணிதப் பேராசிரியராகப் பதவியேற்றார். வயது 23. நம்மில் பலர் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் எழுதும் வயது! அவர்தாம் ஆந்த்ரே வெய். 1906-இல் பாரிஸில் யூத மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தத்துவ அறிஞர் சிமோன் வெய் இவருடைய தங்கை. வடமொழி இலக்கியத்தின்மீது கொண்ட காதலும் அவரை இந்தியாவுக்கு இழுத்தது. துறையைச் சீர்செய்ய அவர் அழைத்துக்கொண்டவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு: ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற விஜயராகவன், பின்னாளில் சென்னை இராமானுஜன் கணித நிலையத்தின் தலைவரானவர். வெய் 1932-இல் ஊர் திரும்பினார்.

1939-இல் போர் மூண்டபோது அவர் பின்லாந்தில் இருந்தார். படையில் சேர விருப்பமில்லை. ஒற்றரென ஐயுற்று அங்கே பிடித்தார்கள். தாயகம் வந்ததும், படைக்கு வராத குற்றத்துக்காக ரூவான் நகரச் சிறையில் அடைத்தார்கள். அங்கேதான் அவருடைய பெருங்கணிதம் பிறந்தது.

அது என்ன கணிதம்? நாமறிந்த எண்களில் ஒன்றை எத்தனை முறை கூட்டினாலும் சுழி வராது. கடிகார முள்போலச் சுற்றிவரும் எண்களும் உண்டு. 0, 1 என இரண்டே எண்கள் கொண்ட களத்தில் ஒன்றும் ஒன்றும் சுழி. எத்தனை ஒன்றுகள் கூடினால் சுழி வருகிறதோ, அந்த எண்ணிக்கையே களத்தின் சிறப்பெண். அது பகா எண்ணாகவே இருக்கும். சிறப்பெண் 2 ஆனால் வடிவியலின் பாடு விபரீதந்தான். பள்ளியில் வரைந்த பரவளையத்தையே எடுத்துக்கொள்வோம்: எக்ஸின் வர்க்கம் ஒய். தொடுகோட்டின் சாய்வு எக்ஸைப்போல் இருமடங்கு. இங்கோ இரண்டு என்பதே சுழி! எங்கே தொட்டாலும் தொடுகோடுகள் யாவும் இணையாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரிந்த படங்களை நம்பி இத்தாலிய அறிஞர்கள் எழுப்பிய மாளிகை இந்த மண்ணில் எப்படி நிற்கும்?

ஆனால் கெடுத்த குணமே கைகொடுக்கவும் செய்தது. இக்களத்தில் கூட்டுத்தொகையின் வர்க்கம் வர்க்கங்களின் கூட்டுத்தொகையே. நடு உறுப்பு மறைந்துவிடுகிறது. ஆகவே ஆயங்களை வர்க்கமாக்கினால் ஒரு புள்ளி அதே வளைகோட்டின் இன்னொரு புள்ளிக்குப் போகும். அசையாமல் நிற்பவையே சின்னக் களத்துப் புள்ளிகள். அவற்றை எண்ணுவதே கேள்வி. நீள்வளைய வளைகோடுகளுக்கு ஹாஸ்ஸே 1930-களில் விடை கண்டிருந்தார்: 7 எண்கள் கொண்ட களமாயின் புள்ளிகள் 3-க்குக் குறையா, 13-க்கு மிகா. வளைகோடு எதுவாயினும் இத்தகைய எல்லை உண்டு என்பதே வெய் சிறையில் கண்டது. 1940 ஏப்ரலில் பாரிஸ் அறிவியற் கழக ஏட்டில் குறிப்பாக வெளிவந்தது.

சிறைக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பிறகு நடந்தது. அந்தக் குறிப்பு நிறுவப்படாத ஒரு துணைத்தேற்றத்தின்மேல் நின்றது. கடனுக்குக் கட்டிய வீடு. மே மாதம் ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. படையில் சேர இசைந்து விடுதலை பெற்றார். 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நிலையான வேலையில்லாமல் அலைந்த அந்த ஆண்டுகளில்தான், எந்தச் சிறப்பெண்ணிலும் நிற்கும்படி இயற்கணித வடிவியலுக்குப் புது அடித்தளம் எழுதினார். அந்நூல் 1946-இல் வந்தது; முழு நிறுவல் 1948-இல். கடனை எட்டாண்டில் அடைத்தார்.

1949-இல் இன்னும் உயர்ந்த பரிமாணங்களுக்கும் தம் ஊகங்களை விரித்தார். குரோத்தன்தீக் வேறொரு அடித்தளம் அமைக்க, அதன்மேல் நின்று தெலீஞ் 1974-இல் வெளியிட்ட நிறுவலோடு அவை முடிவு பெற்றன. அதையும் கண்ட வெய், 1998-இல் பிரின்ஸ்டனில் காலமானார்.