எவரெஸ்ட்டை விட்டு நெய்யூருக்கு வந்த டாக்டர்: யார் இந்த சோமர்வெல்?

திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கைத்தறி வேட்டிக்குப் பேர்போன பாலராமபுரம் வரும். அடுத்து நெய்யாற்றின்கரை, அப்புறம் பாறசாலை. களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால், எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி.

மலையேற்றக் கதைகள் பிடிக்கும் என்றால் அந்தப் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆம், அதே சோமர்வெல்தான். எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 300 மீட்டர் கீழே வரை, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறியவர். ஆனால் அவர் வாழ்க்கையில் மலைக்குப் போனது சில மாதங்கள். தென் திருவிதாங்கூரில் இருந்தது 20 ஆண்டுகளுக்கு மேல்.

நல்ல வேலை கையில் இருக்கும்போது ஒருவர் ஏன் அப்படி வந்து தங்க வேண்டும்?

ஷூ கம்பெனி வீட்டுப் பிள்ளை

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். பிரிட்டனில் பிரபலமான 'கே ஷூஸ்' காலணி நிறுவனம் அவர் குடும்பத்துடையது. பணக் கஷ்டம் கிடையாது. கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் மருத்துவம் முடித்தார்.

முடித்ததுமே முதல் உலகப் போர். 1916 ஜூலை 1, பிரான்ஸில் சோம் போரின் முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 57 ஆயிரம் பேருக்கு மேல் பாதிப்பு, அதில் சுமார் 19 ஆயிரம் பேர் மரணம். முன்னணிக்குப் பின்னால் இருந்த சிகிச்சை முகாம் ஒன்றில் இளம் அறுவை மருத்துவராக சோமர்வெல் இருந்தார். கூடாரத்துக்கு வெளியே வயல் முழுக்க ஸ்ட்ரெச்சர்கள். உள்ளே சில டாக்டர்கள். யாரை முதலில் எடுப்பது, யாரை விடுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். அதன்பின் அவர் வாழ்நாள் முழுக்கப் போரை எதிர்ப்பவராகவே இருந்தார்.

இந்த வயலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடி வரும்.

1922: ஏழு பேர்

1922-ல் எவரெஸ்ட்டின் உச்சியைத் தொட முதல் முயற்சி நடந்தது. மலோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,225 மீட்டர் வரை ஏறினார்கள். அதற்கு முன் மனிதர் யாரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஜூன் 7 அன்று, பருவமழை தொடங்கி, புதுப் பனி விழுந்திருந்த சரிவில் மறுபடி ஏறினார்கள். பனிச்சரிவு வந்தது. ஏழு ஷெர்பா சுமைதூக்கிகள் செத்துப்போனார்கள். பிரிட்டிஷார் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முடிவெடுத்தது நாங்கள், செத்தது அவர்கள் என்ற எண்ணம் சோமர்வெல்லை விடவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்றுகூட அவர் பின்னாளில் எழுதினார். அந்தப் பயணக் குழுவுக்கு 1924 ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்தார்கள். அந்தக் கணக்கை எந்தப் பதக்கமும் தீர்க்காது என்பது அவருக்குத் தெரியும்.

சுற்றிப் பார்க்க வந்த இடம்

மலையில் இருந்து இறங்கியவர் ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அப்படி வந்து சேர்ந்த ஊர்தான் குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்யூர்.

அங்கே லண்டன் மிஷன் 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. 1922-ல் டாக்டர் பியூ என்பவர் ஒற்றை அறுவை மருத்துவராகத் திணறிக்கொண்டிருந்தார். வெளியே முடியாத வரிசை. சோமர்வெல்லுக்கு அது புதிய காட்சியா? சோம் வயல்தான், ஸ்ட்ரெச்சருக்குப் பதிலாகத் திண்ணையும் மரத்தடியும்.

லண்டனில் பெரிய மருத்துவமனை வாழ்க்கை காத்திருந்தது. அங்கே அவர் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவார். நெய்யூருக்கு யார் வருவார்? லண்டன் வேலையை விட்டுவிட்டு நெய்யூரைத் தேர்ந்தெடுத்தார்.

கடைசியாக ஒருமுறை மலை

1924-ல் மறுபடி எவரெஸ்ட். இந்த முறை நான்கு சுமைதூக்கிகள் மேலே முகாமில் மாட்டிக்கொண்டார்கள். உச்சி முயற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மலோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் போனார்கள். சரிவில் வழுக்கிய இருவரை எட்டிப் பிடித்து இழுத்தது சோமர்வெல். நான்கு பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஜூன் 4 அன்று உச்சியை நோக்கிப் போனபோது தொண்டை அடைத்து அவர் திரும்ப வேண்டியதாயிற்று. நார்ட்டன் 8,573 மீட்டர் வரை தனியாகப் போய்த் திரும்பினார். இறங்கும்போது, பனியில் வெந்துபோன தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து சோமர்வெல்லின் மூச்சுக்குழலை அடைத்தது. தன் மார்பைத் தானே அழுத்தி அதை வெளியே தள்ளிப் பிழைத்தார்.

கீழே வந்து தன் கேமராவை மலோரியிடம் கொடுத்தார். ஜூன் 8 அன்று மலோரியும் இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். மலோரியின் உடல் 1999-ல் கிடைத்தது. கேமரா இன்னும் கிடைக்கவில்லை.

நெய்யூர் அன்றாடம்

இதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டம். முதலில் மொழி. தமிழ் படிக்க வேண்டும். நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் மலையாளமும் கலந்துவிடும். வயிற்றில் எங்கே வலி, எத்தனை நாளாக, சாப்பிட்டால் கூடுதா குறையுதா என்று கேட்கத் தெரியாத டாக்டரால் என்ன பயன்?

அடுத்து நோய். திருவிதாங்கூரில் குடல்புண் சாதாரணம். முற்றினால் இரைப்பையின் வாய் அடைத்துக்கொள்ளும், சாப்பிட்டது வெளியே வரும், ஆள் மெலிந்தே சாவார். இரைப்பையில் இருந்து சிறுகுடலுக்கு நேரே ஒரு 'பைபாஸ்' போடும் அறுவை சிகிச்சையை சோமர்வெல் மறுபடி மறுபடி செய்தார். மரச்சீனிக் கிழங்கு நிறைய, புரதம் குறைவு என்ற ஏழைகளின் சாப்பாடுதான் காரணமா என்று நெய்யூர் டாக்டர்கள் தேடினார்கள். குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்பது 1980-களில்தான் தெரிந்தது.

இன்னொன்று வாய்ப்புற்று. வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நெய்யூரில் அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஆர், 1933-லேயே 'லான்செட்' இதழில் எழுதினார்.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். 1924-ல் வைக்கம் கோயில் தெருவில் நடப்பதற்கே போராட்டம். 1936 வரை ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திருவிதாங்கூர் அரசுக் கோயில்களுக்குள் அனுமதி இல்லை. அப்படிப்பட்ட ஊரில் எல்லாச் சாதியும் ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்தது.

மதம் பரப்பத்தானே வந்தார்?

நியாயமான கேள்வி. மிஷனின் நோக்கம் கிறிஸ்தவத்தைப் பரப்புவது. சோமர்வெல்லும் விசுவாசி, அதை அவர் மறைத்ததில்லை. பிரிட்டிஷ் ஆதிக்கம் இருந்ததால்தான் இப்படி வந்து வேலை செய்வது சுலபமாக இருந்தது என்பதும் உண்மை. அதே நேரம், அறுவை மேசையில் படுத்தவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்புறம்?

1925-ல் மார்கரெட்டைத் திருமணம் செய்தார். 1940-களின் மத்தி வரை நெய்யூர்தான் வீடு. பிறகு வேலூர் சி.எம்.சி.-யில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார். 1961-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, 1975-ல் காலமானார்.

1956-ல் மாநில எல்லை மாறியபோது நெய்யூர் தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவர் பெயரில் 2002-ல் தொடங்கிய கல்லூரி கேரளப் பக்கம், அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுப் பக்கம்.

வேலையை விட்டுட்டு எங்காவது போய் சேவை செய்யலாமா என்று உங்களுக்கும் ஒரு நாள் தோன்றியிருக்கலாம். சோமர்வெல்லுக்கும் அப்படித்தான், ஒரு டூரில் தோன்றியது. ஆனால் அவர் அந்த டூரோடு நிற்கவில்லை. திரும்பி வந்தார், பாஷை படித்தார், அதே வரிசை அடுத்த நாளும் நிற்கும் என்று தெரிந்தே 20 வருஷம் இருந்தார்.