தனித்து நின்ற நீதிபதி

எட்டுப் பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமும் நின்றால், அந்த ஒருவர் தோற்றவர் என்றே நாம் எண்ணுவோம். ஜான் மார்ஷல் ஹார்லனின் வாழ்க்கை அவ்வெண்ணத்தை மாற்றுகிறது.

இவர் 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். முதலில் அடிமை ஒழிப்பை எதிர்த்தார். பின்னர் கறுப்பின மக்கள் பட்ட கொடுமைகளைக் கண்டு, தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1877-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். விடுதிகளிலும் வண்டிகளிலும் நிற வேற்றுமை காட்டுவதைத் தடுத்த சட்டம் செல்லாது என்று 1883-இல் மற்ற எட்டு நீதிபதிகளும் கூறினர். ஹார்லன் உடன்படவில்லை. ஆனால் மறுப்புரை எழுத உட்கார்ந்தால் சொற்கள் வரவில்லை. அவர் மனைவி மால்வினா ஒரு பழைய மைக்கூட்டைத் துடைத்து, மை நிரப்பி, மேசைமேல் வைத்தார். கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி டானியின் மைக்கூடு அது! அதைக் கண்டதும் ஹார்லனின் பேனா ஓடியது.

1896-இல் இரயிலில் நிறத்துக்கொரு பெட்டி சரியே என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அப்போதும் மறுத்தவர் அவர் ஒருவரே. 1911-இல் மறைந்தார்.

1954-இல் அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்றனர்.

தோழியரே, வகுப்பு முழுவதும் ஒன்றைச் சொல்ல, நம் மனச்சாட்சி வேறொன்றைச் சொன்னால் ஹார்லனை நினைப்போம். தவறு நம்முடையதாக இருந்தாலும் அவரையே நினைப்போம்.