சிற்பி ரோடின்

பிரெஞ்சு நாட்டுச் சிற்பியாகிய அகஸ்ட் ரோடின் 1840-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். அந்நகரத்துப் பெரிய கலைக்கல்லூரியின் நுழைவுத் தேர்வில் மும்முறை தோற்றார். 1877-இல் அவர் காட்சிக்கு வைத்த ஆடவன் சிலை உயிருள்ளதுபோல் விளங்கவே, ஆள்மேனியிற் சாந்தப்பி அச்செடுத்தார் என்று பழி சுமத்தினர். கைத்திறனே குற்றமாயிற்று! அரசாங்கம் 1880-இல் அச்சிலையை விலைக்கு வாங்கியபோதுதான் பழி ஓய்ந்தது.

முதுமையில் அவர் உள்ளம் ஆடலிற் படிந்தது. 1906-இல் கம்போஜ அரசவை நடன மாதர் பிரான்சுக்கு வந்தபோது, மார்செய்ல் துறைமுகம் வரை அவர்களைப் பின்தொடர்ந்து சென்று சித்திரந் தீட்டினார். 1912-இல் ருஷிய பாலே நடனக்காரர் நிஜின்ஸ்கியின் புதிய ஆட்டத்தைப் பாரிஸ் பத்திரிகையொன்று ஆபாசமென இகழ்ந்தது. ரோடின் துணிந்து ஆடியவர் பக்கம் நின்றார். தாமும் வசை கேட்டார். அவ்வாண்டே அந்நடனக்காரரைக் களிமண்ணில் வனைந்தார். ஒரு சாண் உயரமும் இல்லாத உருவம் அது. ஒற்றைக்காலில் நின்று, மறு முழங்காலை மார்போடு சேர்த்து, உடலை முறுக்கியிருக்கிறது. முகச்சாயலைத் தேடுவோர் ஏமாறுவர். பாயப்போகும் விசையே அங்கு உருக்கொண்டுள்ளது. அரைகுறை வேலை என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

அடுத்த ஆண்டில், சென்னைப் பொருட்காட்சிச் சாலையிலுள்ள திருவாலங்காட்டு நடராசரின் நிழற்படங்களை நோக்கி அவர் ஒரு கட்டுரை வரைந்தார். நெற்குப்பை முதலிய நம் ஊர்களில் ஆருத்திரா தரிசனத்தன்று நாம் மாலைகளுக்கிடையே காணும் தூக்கிய திருவடியை, இந்தியா வந்தறியாத அம்முதியவர் படத்திலேயே அங்கம் அங்கமாகக் கண்டு வியந்தார். 1917-இல் அவர் காலமானார். அக்கட்டுரை 1921-இல் அச்சேறியது.