3,500 யானைகளின் சாவை எழுதிவைத்த கொலனித்துவச் செயலாளர்

1848 செப்டெம்பரில், இலங்கை அரசாங்கத்தில் ஆளுநருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவு காலித்த இரவொன்றில் மீனவர்களோடு வள்ளத்தில் வாவிக்குள் போய், நீருக்கடியிலிருந்து எழும் மெல்லிய ஓசையைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருவதுபோன்ற ஓசை அது. ஊரிதான் கத்துகிறது என்று மீனவர்கள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார். 'பாடும் மீன்' பற்றி எழுதும் எவரும் இன்றும் டெனன்றைத் தொடாமல் போவதில்லை.

அதே நாட்களில் மலைநாட்டில் இராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. மாத்தளைக் கிளர்ச்சியின் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மக்களைக் கிளர்ந்தெழச் செய்த வரிகளைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் டெனன்ற் முக்கியமானவர். வாவி ஓசையை ரசித்த மனிதரையும் அந்த அரசாங்கத்தின் செயலாளரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அவர் எழுதிவைத்த யானைக் கணக்கை வாசிக்கும்போதும் இது நினைவில் இருக்கவேண்டும்.

1804-ல் பெல்பாஸ்ற்றில் பிறந்தபோது அவர் பெயர் ஜேம்ஸ் எமர்சன். டப்ளினில் படித்தார். இளவயதில் கிரேக்க விடுதலைப் போரில் ஈர்க்கப்பட்டு அங்கே போனார், அதைப்பற்றி எழுதினார். அடுத்தவர் தேசத்தின் விடுதலைக்காக உருகியவர்கள் கொலனிகளில் அதிகாரிகளானதும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய கதை. 1831-ல் பெல்பாஸ்ற் செல்வந்தர் வில்லியம் டெனன்றின் மகளை மணந்து, அடுத்த ஆண்டு மாமனாரின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே 1832-ல் பெல்பாஸ்ற்றின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1845-ல் 'சேர்' பட்டம் பெற்று, அவ்வாண்டின் இறுதியில் கொழும்பில் வந்திறங்கினார்.

அவர் வந்த சிறிது காலத்தில் கோப்பி விலை சரிந்தது. அரசாங்கத்தின் வருமானமும் சரிந்தது. நிதி நிலைமை பற்றி 1847-ல் டெனன்ற் ஓர் அறிக்கை எழுதினார். 1848 யூலையில் புதிய வரிகள் வந்தன: நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு ஆள் வரி. துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ் கட்டி அனுமதி பெறவேண்டும். சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்கத்தான் கிராமத்து வீட்டில் துவக்கு இருந்தது. நாயும் அதற்காகத்தான். இரண்டுக்குமே வரி. கிளர்ச்சி ஏன் வெடித்தது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பயிர்காவலுக்கே வரி போட்டது எவ்வளவு பெரிய குருட்டுத்தனம் என்று இரவில் பரணில் காவல் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த வரிக்கு முன்பே அதே அரசாங்கம் யானையைக் கொல்பவருக்குப் பணமும் கொடுத்துவந்தது. தலைக்குச் சில சிலிங். இந்தப் பரிசின் விளைவைத்தான் டெனன்ற் எழுதிவைத்தார். 1848-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது. அன்றைய வட மாகாணத்தில் வன்னியோடு அனுராதபுரப் பக்கமும் சேர்ந்திருந்தது. 1851-க்கும் 1856-க்கும் இடையில் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே இன்னும் 2,000.

முதல் எண்ணை நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று யானைக்கு மேல் வருகிறது. 2011-ல் முழு இலங்கையிலும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் கண்ட யானைகள் 5,879. அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை ஒரு மாகாணத்தின் ஒரு பகுதி மூன்று ஆண்டுக்குள் இழந்திருக்கிறது.

பரிசுக்காகச் சுட்டவர்கள் ஒரு பக்கம் என்றால் பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் மறுபக்கம். மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400-க்கும் மேல் கொன்றார் என்று டெனன்ற் பதிவுசெய்கிறார். கப்டன் கல்வே அதில் பாதிக்கும் மேல். வீதிகளை அமைத்துப் பெயர்பெற்ற ஸ்கின்னரும் ஏறக்குறைய அதே அளவு. இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்பதையும் டெனன்ற் எழுதியிருப்பதால், இதெல்லாம் தந்த வியாபாரம் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. இரத்தமும் வேதனையுமாகத் திரும்பத் திரும்ப ஒரே காட்சி வரும் இந்த வேலையில் என்ன இன்பம் என்று அவர் வெளிப்படையாகவே வியந்தார். தான் வேட்டைக்காரன் அல்ல என்றும் சொல்லிக்கொண்டார்.

1847-ல் குருநாகலுக்கு அருகே காட்டில் தூண்களை நட்டுப் பெரிய பட்டி அமைத்து யானை பிடித்ததை நேரில் பார்த்தார். கட்டுண்ட யானைகளில் சில அசையாமல் படுத்துக் கண்ணீர் வடித்ததை அவர் விவரித்திருக்கிறார். பின்னாளில் சார்ள்ஸ் டார்வின், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய 1872-ஆம் ஆண்டு நூலில் அந்த விவரிப்பைச் சான்றாக எடுத்துக்கொண்டார். வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர்மார், மான்தோல் கயிற்றை மட்டும் நம்பி யானையின் பின்னங்காலில் சுருக்குப் போடும் திறமையையும் அவர் வியந்து எழுதினார். அந்த மரபு கிழக்கில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல.

என்றாலும் டெனன்றின் பக்கங்களில் ஓர் எண்ணைத் தேடினால் கிடைக்காது. காட்டில் எத்தனை யானைகள் இருந்தன? அரசாங்கத்துக்கு அது தேவைப்படவில்லை. செத்ததற்குக் காசு கொடுக்கவேண்டியிருந்ததால் செத்ததை எண்ணினார்கள், அவ்வளவுதான். எத்தனையோடு நிறுத்துவது என்ற வரம்பு அந்தப் பரிசுத் திட்டத்தில் இல்லை.

நோர்வேயிலும் சுவீடனிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் 'மூஸ்' என்ற பெரிய கொம்புமானை அறிவார்கள். அங்கே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பல்லாயிரம் மூஸ்கள் சட்டப்படி சுடப்படுகின்றன. மந்தை அழியவில்லை. எந்தப் பகுதியில் எத்தனை, அதில் கடா எத்தனை, பெண் எத்தனை, கன்று எத்தனை என்று முன்கூட்டியே வரம்பு போடுகிறார்கள். மூஸ் எட்டு மாதத்தில் ஈனும். பல தடவை இரட்டைக் கன்று போடும். யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று போட்டால், அடுத்ததற்கு நான்கு, ஐந்து வருடம் ஆகும். ஒரு பெண் யானையைச் சுட்டால், அந்த இடம் நிரம்பப் பதினைந்து வருடம் வேண்டும். மூஸைப் போல வரம்புபோட்டுச் சுடலாம் என்று பேசவே இடமில்லாத விலங்கு இது.

டெனன்றின் நூலில் எனக்கு எல்லாவற்றிலும் பயனுள்ளதாகத் தெரிவது வேறொரு சிறு பகுதி. தெற்கில் சில ஊர்களில் விவசாயிகள் வயலைச் சுற்றி மெல்லிய தடிகளால் வேலி கட்டினார்கள். வயல்களுக்கிடையே, யானைகள் தண்ணீருக்குப் போக அகலமான வழி விட்டார்கள். இரவில் அந்த வழியால் யானைகள் போய்வந்தன; உதைத்தால் விழும் வேலியை உடைக்கவில்லை. அறுவடை முடிந்ததும் விவசாயிகளே வேலியைத் திறந்துவிட, யானைகள் உள்ளே வந்து தாளையும் சிந்திய நெல்லையும் தின்றன. வரிக்கும் பரிசுக்கும் வெளியே அந்த ஊர்கள் தாங்களாகக் கண்ட ஏற்பாடு அது.

டெனன்றின் இலங்கைப் பதவி நல்லவிதமாக முடியவில்லை. கிளர்ச்சியை ஒடுக்கிய விதம் பற்றி லண்டனில் விசாரணை நடந்தது. ஆளுநர் டொறிங்டனோடு அவரும் 1850-ல் வெளியேறினார். சென்ற் ஹெலினாவுக்கு ஆளுநராக நியமித்தார்கள்; அவர் போகவில்லை. பின்னர் லண்டனில் வர்த்தகச் சபையின் செயலாளராக நீண்டகாலம் இருந்தார். 1859-ல் வெளிவந்த அவருடைய இரண்டு தொகுதி இலங்கை நூல் விரைவிலேயே பல பதிப்புகள் கண்டது. நண்பரான சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1865-ல் ஒரு நாவலையே அவருக்குச் சமர்ப்பித்தார். 1867-ல் காட்டு யானை பற்றித் தனிநூல் ஒன்று போட்டார். 1869 மார்ச்சில் இறந்தார். வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் இலங்கையில் உருவானது அதற்கு 25 ஆண்டுகளின் பின், 1894-ல். தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது 1937-ல்.

இன்று யானையைச் சுடப் பரிசு இல்லை, தண்டனை உண்டு. ஆனாலும் 2019, 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் இலங்கையில் 400-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. துவக்கு, பன்றி வெடி, சட்டவிரோத மின்வேலி, ரயில். அதே ஆண்டுகளில் யானை தாக்கி நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். படுவான்கரையில் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் இந்த இறப்புகள் செய்தியாகி அடுத்த நாள் மறைந்துவிடுகின்றன. போரால் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கடன்பட்டு வெள்ளாமை செய்தவரின் வட்டைக்குள் விடியற்காலை யானை நிற்கும்போது, அவர் கையில் வனஜீவராசிகள் திணைக்களம் கொடுத்த யானை வெடிதான் இருக்கிறது. அதுவும் கிடைத்தால்.

2020-ல் ஜனாதிபதி நியமித்த குழு தயாரித்த தேசிய செயற்திட்டம், காட்டின் எல்லையில் அல்லாமல் ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி போடச் சொன்னது. வயல் வேலியை விதைப்போடு போட்டு, அறுவடையோடு கழற்றி, யானைகளைத் தாள் மேயவிட வேண்டும். பராமரிப்பு ஊராரிடம் இருக்கவேண்டும். டெனன்ற் எழுதிய தடிவேலியோடு ஒப்பிட்டால் கூடியிருப்பது மின்சாரம் ஒன்றுதான். படுவான்கரை வட்டைகளில் பெரும்போக விதைப்பு ஒக்டோபரில் தொடங்குகிறது. கம்பியும் மின்கலமும் அதற்கு முன் கமக்காரர் அமைப்புகளின் கைக்கு வந்துசேர வேண்டும்.