விஞ்ஞான ஆசிரியர் விபுலாநந்தர்

சுவாமி விபுலாநந்தர் என்றவுடன் காவியுடுத்த துறவியையும் முத்தமிழ் வித்தகரையுமே நாம் நினைக்கின்றோம். அவர் பாடசாலை மாணவருக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். கொழும்பில் வாழும் நமக்கு இம்மறதி பொருந்தாது. அவரது விஞ்ஞானக் கல்வி வளர்ந்தது இம்மாநகரிலேயாகும். ஆதலின் இந்நிறைவு விழா மலரில் அடிகளாரின் வாழ்வை அந்நோக்கில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில், 1892ஆம் ஆண்டு, சாமித்தம்பி கண்ணம்மை தம்பதியரின் புதல்வராய் அவர் தோன்றினார். இயற்பெயர் மயில்வாகனம். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1911இல் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு வந்தார். பின்னர் இங்குள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் கற்று, 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைந்தமையே அவர்தம் பிற்காலப் பணிகளுக்கெல்லாம் வித்தாயிற்று. 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார்.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவறம் பூண்டார். உலகப் பற்றைத் துறந்தாரேயன்றி விஞ்ஞானத்தை அவர் துறந்தாரல்லர்.

அந்நாளில் நம் நாட்டு மேல்வகுப்புகளில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே போதிக்கப்பட்டது. வண்டியை மாடு இழுப்பதையும், துடுப்பு நீரைப் பின்தள்ளத் தோணி முன்செல்வதையும் மாணவன் தமிழிலே கண்டான். நியூற்றனின் மூன்று விதிகளையோ அந்நிய மொழியில் மனனஞ் செய்தான். கண்டதும் கற்றதும் ஒன்றே என்பதை உணர்த்தச் சொல் வேண்டியிருந்தது. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். பௌதிகம், இரசாயனம் முதலிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை வகுக்கும் அம்முயற்சி, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே வல்ல ஒருவரையே வேண்டி நின்றது. பின்னர் 1950களில் நம் நாட்டு அரசகரும மொழித் திணைக்களமும் இப்பணியை மேற்கொண்டது. விசை, உந்தம், ஆர்முடுகல் என இன்று நம் மாணவர் தடையின்றிக் கூறுவது இத்தகைய உழைப்பின் பயனாகும்.

அடிகளாரின் யாழ்நூலும் ஒரு வகையில் விசையையும் இயக்கத்தையும் பற்றிய நூலே. நரம்பை இழுத்துக் கட்டும் விசை இழுவை. மீட்டிய நரம்பு துடிப்பது இயக்கம். இழுவை மாறாதிருக்க, நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் ஒரு செக்கனில் நிகழும் அதிர்வு இருமடங்காகும். நீளம் மாறாதிருக்க, அதிர்வை இருமடங்காக்க வேண்டின் இழுவையை நான்கு மடங்காக்கல் வேண்டும். நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைப்பின், குரல் என்னும் சுரத்துக்கு இளி என்னும் சுரம் பிறக்கும். சிலப்பதிகாரம் முதலிய நூல்களிற் கூறப்பட்டு வழக்கொழிந்த யாழ்களை, இத்தகைய கணக்கின் துணைகொண்டே அவர் ஆராய்ந்தார். புலவர் மட்டுமாயின் கணக்கு எட்டியிராது. விஞ்ஞானி மட்டுமாயின் பாட்டு விளங்கியிராது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் மீண்டும் கொழும்புக்கு வந்தார். 1947 யூன் மாதத்தில் யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலை 19ஆந் தேதி அடிகளார் இந்நகரிலே சமாதியடைந்தார். அவரது பூதவுடல் மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் பெற்றது.

இன்று நம் பாடசாலைகள் சிலவற்றில் விஞ்ஞானம் மீண்டும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றது. அதனை நாம் குறைகூறவில்லை. அடிகளாரும் ஆங்கிலத்திலே புலமை மிக்கவர். பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராயும் இருந்தவர். ஆயினும் ஒன்று கேட்போம். காலி வீதியில் விரையும் பஸ் வண்டி வெள்ளவத்தைச் சந்தியிற் சடுதியாக நிற்க, பயணிகள் முன்னே சாய்கின்றனர். வண்டியை நிறுத்திய விசை அவர்தம் உடலை அதே கணத்தில் நிறுத்தவில்லை. உடல் தன் இயக்கத்தைத் தொடர முயல்கின்றது. இதனை வீட்டிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் விளக்க வல்ல மாணவனே முதலாம் விதியை உண்மையில் அறிந்தவன். அத்தகைய மாணவரை உருவாக்குதலே அடிகளாருக்கு நம் கல்லூரி செலுத்தத்தக்க நன்றிக்கடனாகும்.