பிளேக்கை வென்ற பினாங்கு டாக்டர்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் மண் மாவு பறந்தால் கண்ணுக்குத் தெரியும். மூக்கை மூடிக்கொள்ளலாம். நோயாளியின் மூச்சில் வரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அருகில் நின்று வைத்தியம் பார்க்கும் டாக்டரும் நர்சும் எப்படித் தப்புவது?

அதற்கு வழி காட்டியவர் வூ லியன் தே.

பொற்கொல்லர் மகன்

தமிழர்கள் பலர் குடியேறிய பினாங்குத் தீவில் 1879-ல் பிறந்தவர் வூ. தந்தை, சீனாவிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். மகன் படிப்பில் சூரன். உபகாரச் சம்பளம் பெற்று, 1896-ல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் படித்து டாக்டர் ஆனார்.

ஊர் திரும்பி, அபினிப் பழக்கத்தை எதிர்த்துப் பாடுபட்டார். பிறகு சீன அரசாங்கம் அழைத்தது. ராணுவ வைத்தியக் கல்லூரியில் பதவி கிடைத்தது.

1910 டிசம்பர். மஞ்சூரியாவில் ஹார்பின் நகரில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். காய்ச்சல், இருமல், ரத்த வாந்தி. ஓரிரு நாளில் சாவு! வூவை அங்கே அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 31.

இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை வூ அறுத்துச் சோதித்தார். நுரையீரலில் பிளேக் கிருமி இருந்தது.

பிளேக் என்றால் எலி என்பதே அந்நாளைய எண்ணம். 1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக், எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவியதுதான். ஆனால் ஹார்பினில் பரவிய நோய்க்கு எலி தேவையில்லை. இருமும்போது தெறிக்கும் துளியே போதும். வூ இதைச் சொன்னபோது நம்பியவர்கள் சிலரே.

மெஸ்னியின் பிடிவாதம்

இரண்டு மடிப்பு சல்லாத்துணி, நடுவே பஞ்சு. துணியின் முனைகளைக் கிழித்து, தலைக்குப் பின்னால் முடிச்சு. இதுதான் வூவின் முகமூடி. அறுவைச் சிகிச்சை டாக்டர்கள் முன்பே முகத்தில் துணி கட்டியதுண்டு. அது நோயாளியின் புண்ணில் தங்கள் எச்சில் படாமலிருக்க. வூ கட்டச் சொன்னதோ, கட்டியவரின் உயிரைக் காக்க!

மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் இதைக் கேட்டுச் சீறினார். வயதில் மூத்தவர், அனுபவசாலி. வூவை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போய், முகமூடி இல்லாமலே நோயாளிகளைச் சோதித்தார்.

1911 ஜனவரி 11-ல் மெஸ்னி இறந்தார். பிளேக்தான்!

அதன் பிறகு ஹார்பினில் முகமூடி கட்டாதவர்கள் குறைவு. நோயாளிகளோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தனியே வைத்தார் வூ. குளிரில் நிலம் உறைந்து, பிணங்களைப் புதைக்க முடியவில்லை. மன்னரின் அனுமதி பெற்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை எரித்தார். முன்னோரைப் புதைத்து வணங்கும் நாட்டில் இது சாதாரணக் காரியமல்ல. மார்ச்சில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. அதற்குள் மஞ்சூரியாவிலும் சுற்றுப்புறங்களிலும் சுமார் 60,000 பேர் பலியாகிவிட்டனர்.

1935-ல் நோபல் பரிசுக்கு வூவின் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1937-ல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்தார். 1960-ல் பினாங்கில் காலமானார்.

மூச்சு முட்டும் நோயாளிக்குத் தொண்டை வழியாகக் குழாய் செலுத்த வேண்டும். டாக்டரின் முகம் நோயாளியின் வாய்க்கு வெகு அருகே இருக்கும். 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, இந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பலரை நோய் பற்றியது. 2020-ல் கொரோனா வந்தபோது, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் முகமூடியைக் கட்டிக்கொண்ட பிறகே குழாயைக் கையில் எடுத்தார்கள்.