கத்தியா, பிளேடா? - ஜில்லெட்டின் வாழ்க்கை

நம் மாணவர் வழக்கில் சலிப்பூட்டும் பேச்சுக்குப் பிளேடு என்று பெயர். ஆனால், அந்தப் பிளேடை உலகுக்குத் தந்தவரின் வாழ்க்கை சிறிதும் சலிப்பூட்டாதது. அவர் பெயர் கிங் காம்ப் ஜில்லெட். கடைதோறும் காணும் அப்பெயரை ஒரு நிறுவனத்தின் பெயர் என்றே பலரும் எண்ணுகிறோம். அது ஒரு மனிதரின் பெயர். கிங் என்பதும் பட்டம் அன்று. பெற்றோர் இட்ட பெயரே.

ஜில்லெட் 1855-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். சிகாகோ நகரில் வளர்ந்தார். 1871-இல் சிகாகோவை அழித்த பெருந்தீ அவர் குடும்பத்தின் உடைமைகளையும் விழுங்கியது. அப்போது அவருக்கு வயது 16. படிப்பைத் தொடர வழியில்லை, வேலைக்குப் போனார். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் பிரதிநிதியானார். அவர் தாயாரும் சோர்ந்து அமரவில்லை. 1887-இல் அந்த அம்மையார் வெளியிட்ட சமையல் நூல் நாடெங்கும் புகழ் பெற்றது.

சோடாப் புட்டியின் வாயை மூடும் தகர மூடியைக் கண்டவர் வில்லியம் பெயின்ட்டர். அவருடைய நிறுவனத்தில் ஜில்லெட் சில காலம் விற்பனையாளராக இருந்தார். ஒருமுறை பயன்படுத்தியதும் எறியப்படும் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தால் வாங்குவோர் மீண்டும் மீண்டும் வருவர் என்று பெயின்ட்டர் அவருக்கு அறிவுரை கூறினார். அந்தச் சொல் ஜில்லெட்டின் நெஞ்சில் தைத்தது.

அக்காலத்தில் முகச்சவரம் எப்படி நடந்தது? பெரும்பாலோர் கையாண்டது மடக்குக் கத்தி. கனத்த எஃகு, ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுதும் உழைக்கும். ஆனால், அது சும்மா உழைக்காது. ஒவ்வொரு நாளும் தோல்வாரில் தீட்ட வேண்டும். அவ்வப்போது சாணைக்கல்லில் பதம் பார்க்க வேண்டும். கை நடுங்கினால் கன்னம் பேசும்! ஆகவே பலரும் முடிதிருத்துவோரையே நாடினர். காப்புள்ள சவரக்கருவி 1880-ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. முகத்தைக் கீறாமல் காக்கும் அமைப்பு அதில் இருந்தது. ஆனால், அதன் அலகும் தடித்ததே. அதையும் நாள்தோறும் தீட்டத்தான் வேண்டும். காப்பு வந்தது, கவலை போகவில்லை!

1895-இல் ஒரு காலை. ஜில்லெட்டின் கத்தி மழுங்கிவிட்டது, தோல்வாரும் உதவவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் பிறந்தது. சவரம் செய்வது கத்தியின் விளிம்பு மட்டுமே. பின்னால் இருக்கும் கனமான எஃகு அந்த விளிம்பைத் தாங்கவே இருக்கிறது. அப்படியானால், மெல்லிய தகட்டின் இரு விளிம்புகளையும் கூராக்கி, அதை ஒரு பிடியில் இறுக்கிவிட்டால் என்ன? மழுங்கியதும் எறிந்துவிடலாமே! உடனே பித்தளைத் துண்டுகளும் கடிகார வில்லுக்குரிய எஃகு நாடாவும் அரமும் வாங்கி மாதிரி செய்யத் தொடங்கினார்.

எண்ணம் எளிது, எஃகு எளிதன்று. எஃகைக் கடினமாக்க வேண்டுமானால் நன்கு காய்ச்சிச் சட்டெனக் குளிர்விக்க வேண்டும். தடித்த கத்தி அதைத் தாங்கும். காகிதம் போன்ற தகடோ நெளிந்து கோணிவிடும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து வல்லுநர்கள் இது நடவாது என்று கைவிரித்தார்கள். ஆறு ஆண்டுகள் ஓடின. தாம் தொழில்நுட்பம் பயின்றிருந்தால் அப்போதே முயற்சியைக் கைவிட்டிருக்கக்கூடும் என்று ஜில்லெட் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அறிவியல் பயிலும் எனக்கு இந்தச் செய்தி சற்றே உறைக்கிறது. ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. 1901-இல் அந்தச் சிக்கலைத் தீர்த்த வில்லியம் நிக்கர்சனும் அதே கழகத்தில் பயின்றவரே! தகட்டைக் கடினமாக்கவும் கூர்தீட்டவும் உரிய பொறிகளை அவர் அமைத்தார். படிக்காதவரின் பிடிவாதம் வினாவை உயிரோடு வைத்திருந்தது. படித்தவரின் பொறுமை விடையைத் தந்தது. நிக்கர்சனின் பெயரை நிறுவனத்துக்கு வைக்காததற்கும் காரணம் சொல்வர். ஆங்கிலத்தில் நிக் என்றால் கீறல். சவரக்கருவிக்கு அது ஏற்ற பெயரா?

விற்பனை தொடங்கிய 1903-இல் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டில் விற்ற கருவிகள் ஏறத்தாழ 90,000! 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. கருவியைச் சும்மா கொடுத்துப் பிளேடில் பணம் பறித்தார் என்று பலரும் சொல்வதுண்டு, அது பொருந்தாது. தொடக்கத்தில் கருவியின் விலை 5 டாலர். அந்நாளில் அது பெருந்தொகை. 1921-இல் காப்புரிமைக் காலம் முடிந்த பின்னரே மலிவு விலைக் கருவி வந்தது. இதற்கிடையில் முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 இலட்சம் கருவிகளையும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. போர் முடிந்தது, பழக்கம் நிலைத்தது. கத்தியா, பிளேடா என்ற வழக்கில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இனித்தான் வியப்பு. இந்த வணிகர் வணிகப் போட்டியையே வெறுத்தவர்! போட்டியால் மனித உழைப்பு வீணாகிறது என்று 1894-இலேயே நூல் எழுதினார். மக்கள் அனைவரும் ஒரே மாநகரில் வாழ வேண்டும். நயாகரா அருவியின் ஆற்றல் அதனை இயக்க வேண்டும். மக்கள் அனைவருக்கும் பொதுவான ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. செல்வம் குவிந்த பின்னும் அக்கனவை அவர் விடவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டைப் பத்து இலட்சம் டாலர் ஊதியத்தில் அதற்குத் தலைமை ஏற்க அழைத்தார். ரூசுவெல்ட் மறுத்துவிட்டார். 1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சியில் ஜில்லெட்டின் செல்வம் கரைந்தது. 1932 சூலை 9-இல் கலிபோர்னியாவில் அவர் மறைந்தார்.

வீணடிப்பை ஒழிக்கக் கனவு கண்டவரே, எறிவதை உலகுக்குப் பழக்கினார்! மடக்குக் கத்தி கேட்டது நம் கைத்திறனை. பிளேடு கேட்பது நம் காசை மட்டுமே. திறன் கையை விட்டு ஆலைக்குள் போய்விட்டது. இதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? நடுங்கும் கையுடைய முதியவரும் இன்று தாமே சவரம் செய்துகொள்கிறாரே!

நம் விடுதி வாசலில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துநரைப் பாருங்கள். புதிய பிளேடைத் தாளோடு மடித்து இரண்டாக ஒடிக்கிறார். பாதியை மடக்குப் பிடியில் செருகுகிறார். இந்தி பேசும் இப்பகுதியில் அதை உஸ்தரா என்கிறார்கள். ஒருவர் குருதி மற்றவர்க்குத் தீங்காகாமல் காப்பது அந்தப் புதிய பாதி. கன்னத்தைக் காப்பது அவர் கை. பழைய திறனையும் புதிய வசதியையும் அவர் ஒன்றாக்கிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் நம் கையில் நாள்தோறும் எத்தனை! நாளை நாமும் புதியன படைக்கப் போகிறவர்கள். எறிவதற்கொரு பொருளைப் படைக்கும்போது, அது போய்ச் சேரும் இடத்தையும் எண்ணிப் படைப்போம். ஜில்லெட் கண்ட கனவின் அந்தப் பாதி இன்னும் நிறைவேறாமலே இருக்கிறது.